பத்தாயிரம் வாலாவும் ஒரு கதண்டுக் கூடும்

எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். அன்றைக்கு அந்த நீள வாயால் மூன்று பேரிடம் ஒரே விஷயத்தைச் சொன்னேன். வாய்க்கால் மேட்டுப் பனைமரத்தில் கதண்டு கூடு கட்டியிருக்கிறது, அந்த இடத்தில் வெடி போடாதீர்கள் என்று. ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. அதனால் பனைமரத்தடியில் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. அதற்குப் பிறகு நடந்ததற்கு மட்டும்தான் நான் பொறுப்பு.

என் அப்பா துரைராசு ஐப்பசி மாதம் ஒரு புதன்கிழமை விடியற்காலையில் இறந்துபோனார். வலங்கைமானுக்குத் தெற்கே எங்கள் ஊர். எட்டு மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து அறுபது வருஷம் அதிலேயே கிடந்த மனுஷன். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. புருஷனோடு ஒத்துவராமல் நான் திரும்பி வந்தபோது, ஏன் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலையில் ஒரு மண்வெட்டியைக் கையில் கொடுத்து வயலுக்குக் கூட்டிப்போனார். அது ஆகிறது பதினைந்து வருஷம். அன்றிலிருந்து உழவுக்கு ஆள் சொல்வது, தண்ணீர் கட்டுவது, நடவு ஆட்களோடு இறங்கி நடுவது எல்லாம் நான்தான்.

படுக்கையில் விழுந்த கடைசி மூன்று மாதத்தில் அப்பா ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

“பாப்பா, எனக்கு நீதான் கொள்ளி வைக்கணும். வேற எவன் கையும் படக் கூடாது.”

“சரிப்பா.”

“சும்மா சரின்னு சொல்லாத. செய்வியா?”

“செய்வேன்ப்பா.”

பக்கத்தில் அம்மா அகிலாண்டம் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். சாட்சி அவள்தான். அவ்வளவு தெளிவாகக் கேட்டார், அவ்வளவு தெளிவாக நான் வாக்குக் கொடுத்தேன்.

ஆனால் பிணத்தைக் குளிப்பாட்டி எடுத்தவுடன் சித்தப்பா குணசேகரன் எல்லோர் முன்னாலும் முடிவைச் சொல்லிவிட்டார். “பங்காளி நாங்க குத்துக்கல்லாட்டம் இருக்கையில பொட்டப்புள்ள கொள்ளி வைக்கிறதா? ஊரு காறித் துப்பும். எம் மவன் சூர்யபிரகாஷ் வைப்பான்.” சூர்யபிரகாஷ் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. நல்ல பையன்தான், அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெரியப்பாவின் வயல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் அவன் போனை எடுத்துப் பார்ப்பான்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேணாம்மா. பொணத்த நடுவுல வச்சுக்கிட்டு சண்ட போடாத.” அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு நாளாகச் சாப்பிடாத முகம். நான் வாயை மூடிக்கொண்டேன். என் ஆயுசில் இன்னொருத்தர் சொல்லி நான் வாயை மூடியது அந்த ஒரு தடவைதான், அதற்காக என் மேல் எனக்கு இன்னமும் கோபம் இருக்கிறது.

அப்புறம் வெடி வந்து இறங்கியது. வலங்கைமான் பக்கத்தில் பிறந்துவிட்டால் வெடிக்குப் பஞ்சம் கிடையாது. கல்யாணத்துக்கும் வெடி, காதுகுத்துக்கும் வெடி, சாவுக்கு இன்னும் கூடுதலாக வெடி. எத்தனை வெடி போட்டார்களோ அத்தனை மரியாதை என்று ஒரு கணக்கு. சூர்யபிரகாஷ் பத்தாயிரம் வாலா இரண்டு வாங்கி வந்திருந்தான். சுருட்டி வைத்த பாய் மாதிரி இருந்தன.

அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பனைமரம் ஞாபகம் வந்தது. சுடுகாட்டுக்குப் போகும் வழியில், எங்கள் வயலை ஒட்டி, வாய்க்கால் மேட்டில் நிற்கிற ஒற்றைப் பனை. அதன் பாதி உயரத்தில் ஒரு பெரிய பானை அளவுக்குக் கதண்டுக் கூடு. நடவு நட்ட அன்றைக்கே நான் பார்த்துவிட்டேன்.

கதண்டு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குளவிக்குப் பெரியண்ணன். கட்டைவிரல் நீளம், கறுத்த உடம்பு, இடுப்பில் ஒரு மஞ்சள் பட்டை. பத்துப் பதினைந்து சேர்ந்து கொட்டினால் ஆள் பிழைப்பது சந்தேகம். சத்தம் ஆகாது, புகை ஆகாது, வாசனை ஆகாது. ஓடினால் துரத்தும், கையை வீசினால் இன்னும் நாலைக் கூப்பிட்டுக்கொண்டு வரும். பதினாறு வயதில் நாற்றுப் பறிக்கும்போது என்னை மூன்று கொட்டியது. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இன்றைக்கும் காதோரம் ஏதாவது ரீங்கென்றால் எனக்குக் கைகால் வெலவெலத்துவிடும்.

முதலில் சித்தப்பாவிடம் சொன்னேன். “பனமரத்துல கதண்டு இருக்கு சித்தப்பா. அங்க மட்டும் வெடி வேணாம்.”

“சரி சரி, நீ உள்ள போ.”

சூர்யபிரகாஷிடம் சொன்னேன். “அக்கா, வாய்க்கால் மேடுதான் அகலமா இருக்கு. அங்கதான் நல்லா வெடிக்கும்” என்றான். வெடி போடுகிற ஆளிடம் சொன்னேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தான். சரி, பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று மணிக்குப் பாடையைத் தூக்கினார்கள். தூக்குவதற்கு முன் சூர்யபிரகாஷ் சிங்கப்பூர் சென்ட்டை எடுத்து அப்பாவின் வேட்டியெல்லாம் அடித்தான், மிச்சத்தைத் தன் வெற்று மார்பில் அடித்துக்கொண்டான். அப்பா உயிரோடு இருந்தால் தும்மியே எழுந்திருப்பார். கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் முன்னால் நடந்தான். பெண்கள் நாங்கள் தெருமுனை வரைக்கும் போனோம். எங்கள் ஊரில் பெண்களுக்கு எல்லை அதுதான். அதற்கு மேல் ஆண்கள் போவார்கள், பெண்கள் திரும்பி வந்து தலை முழுகுவார்கள்.

நான் திரும்பவில்லை. தெருமுனையில் நின்று அப்பா போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் வயலைத் தாண்டி வாய்க்கால் மேடு முழுக்கத் தெரியும். பனைமரத்தடியில் ஊர்வலம் நின்றது. வாலாவைப் பிரித்துத் தரையில் நீளமாகப் போட்டார்கள். பற்ற வைத்தார்கள்.

நான் காதைப் பொத்திக்கொண்டேன். புகை பனைமரத்தின் பாதி உயரத்துக்கு எழும்பியது. வெடிச் சத்தம் இன்னும் ஓயவில்லை, அதற்குள் ஆட்கள் கையை வீச ஆரம்பித்துவிட்டார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கக் குத்தாட்டம் போலவே இருந்தது. பறை அடித்தவர்கள் முதலில் ஓடினார்கள், அவர்களுக்கு விவரம் தெரியும். பிறகு பாடை சாய்ந்தது. நான்கு பேரும் கீழே போட்டுவிட்டு நான்கு திசையில் ஓடினார்கள். சித்தப்பா துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று வந்தார். சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. துண்டு நிஜமாகவே வாய்க்காலில் போய்விட்டது, வேட்டி பாதிதான் இடுப்பில் இருந்தது.

சென்ட் அடித்த சூர்யபிரகாஷுக்குத்தான் அதிகம். தோளில், முதுகில், புருவத்தில் என்று ஏழு கொட்டு. பாவம், வலி தாங்காமல் அழுதான். அந்த நேரத்தில் நான் அவனைத் திட்டவில்லை. சுண்ணாம்பு, வெங்காயம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். “அதெல்லாம் வேணாம், ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க” என்று நான்தான் கத்தினேன். பக்கத்துத் தெருக் காதர் மைதீன் அண்ணன் தன் லோடு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். கொட்டு வாங்கிய ஒன்பது பேரை ஏற்றினோம்.

எல்லோரும் வந்துவிட்டார்கள். அப்பா மட்டும் வரவில்லை. பனைமரத்தடியில், சாய்ந்த பாடையில், ஐப்பசி வெயிலில் தனியாகக் கிடந்தார்.

தீயணைப்புக்குப் போன் போட்டார்கள். அவர்கள் வேறு ஊரில் இதே கதண்டு வேலையாகப் போயிருந்தார்கள். எப்படியும் இருட்டிய பிறகுதான் கூட்டைக் கொளுத்த முடியும், அதுவரை யாரும் கிட்டே போகாதீர்கள் என்றார்கள். வண்டியில் உட்கார்ந்திருந்த சித்தப்பா, உதடு வீங்கிப்போய், கொழுக்கட்டையை வாயில் வைத்தவர் மாதிரி பேசினார். “அப்ப அங்கயே கெடக்கட்டும். காலைல பாத்துக்கலாம். பொணம் எங்க எந்திரிச்சா போயிடப் போவுது?”

“எங்கப்பா என்ன லாரிலேருந்து உழுந்த மூட்டையா சித்தப்பா?”

“அதுக்கு இப்ப என்னடி பண்ணச் சொல்ற? கிட்ட போனா கொன்னுப்புடும்.”

அது உண்மைதான். எனக்கும் தெரியும். மூன்று கொட்டில் நான்கு நாள் கிடந்தவள் நான். வண்டி கிளம்பிப் போனது. மிச்சமிருந்த ஆண்கள் அவரவர் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் அழவில்லை. வாய்க்கால் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த மனுஷன் ஒன்கிட்ட என்ன கேட்டாரு?” என்றாள்.

“நீதான் கொள்ளி வைக்கணும்னாரு.”

“காலைல நான்தான் ஒன் வாயப் பொத்துனேன். தப்பு எம்மேல. போ. கூட்டிக்கிட்டு வராத, கொண்டுபோயி சேத்துட்டு வா.”

உடம்பில் எங்கிருந்தோ ஒரு பலம் வந்தது. பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பயத்தோடுதான் புடவையைத் தூக்கிச் செருகினேன்.

“நீ ஒருத்தி போயி பாடையத் தோள்ல மாட்டிக்கிட்டா போவ?” என்று பின்னால் குரல் கேட்டது. அம்சம் அக்கா. எங்கள் ஊர் நடவுக் கூட்டத்துக்குத் தலைவி. அவள் சொன்னால் இருபது பெண்கள் வயலில் இறங்குவார்கள், அவள் சொன்னால்தான் கரையேறுவார்கள். “ஏ சுடர்விழி, வீட்டுல இருக்குற கொசுவலை, நெல்லுச் சாக்கு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வா” என்று தன் மருமகளை விரட்டினாள். நான்காவது ஆளாக, அதே நடவுக் கூட்டத்துப் பவுனு தானே வந்து நின்றாள். நால்வரும் வருஷக் கணக்காக ஒரே வரிசையில் குனிந்து நின்றவர்கள்.

கொசுவலையைத் தலையோடு சுற்றிக் கழுத்தில் கட்டினோம். சாக்கைத் தண்ணீரில் நனைத்து இரண்டு இரண்டாக உடம்பில் போர்த்திக் கயிற்றால் இறுக்கினோம். இடுப்புக் கயிற்றில் நான் ஓர் அரிவாளைச் செருகிக்கொண்டேன். மேட்டு வழியாகப் போகக் கூடாது, வயலில் இறங்கித்தான் போக வேண்டும் என்று நான் சொன்னேன். எங்கள் வயல், நட்டு எட்டு நாளான சம்பாப் பயிர், முழங்கால் சேறு. இறங்கியதும் சேற்றை அள்ளிக் கை, கால், சாக்கு எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டோம். ஆள் வாசனையே இருக்கக் கூடாது.

“எப்புடிப் போறது?” என்று கேட்டாள் சுடர்விழி.

“நடவு நடுற மாதிரி” என்றாள் அம்சம் அக்கா.

அதற்கு மேல் அவள் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. இடுப்பை வளைத்துக் குனிந்தோம். கதண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கால் பின்னால், மறு கால் பின்னால், தண்ணீர் சலசலக்காமல் நகர்ந்தோம். ஆண்களுக்கு இது வராது. அவர்களுக்கு நிமிர்ந்து நடந்துதான் பழக்கம். நாங்கள் வருஷம் பூராவும் பின்னால் நகர்ந்தே பிழைக்கிறவர்கள். எங்கே வரப்பு, எங்கே பள்ளம் என்று குதிகாலே சொல்லிவிடும்.

தலைக்கு மேல் ரீங்காரம் கேட்க ஆரம்பித்தது. ஒரு கதண்டு சாக்கின் மேல் வந்து உட்கார்ந்தது, அதன் கனம்கூட எனக்குத் தெரிந்தது. அம்சம் அக்கா மெதுவாக, “அசையாத. நாத்துல உக்காந்த தும்பின்னு நெனச்சுக்க” என்றாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அது சேற்றின் மேல் கொஞ்ச தூரம் ஊர்ந்து பார்த்துவிட்டுப் பறந்துபோனது.

மேட்டோரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பாடை ஒரு பக்கம் வாய்க்காலில் சரிந்திருந்தது. அப்பாவின் முகம் வயல் பக்கம் திரும்பியிருந்தது. கழுத்திலிருந்த ரோஜா மாலையில் இருபது முப்பது கதண்டு மொய்த்துக்கொண்டிருந்தது. எல்லாம் அந்த சென்ட்டும் பன்னீரும் செய்த வேலை.

மாலையோடு தூக்க முடியாது. இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்தேன். அறுபது எண்ணுவதற்குள் முடிகிற வேலையை, அரை மணி நேரம் ஆவது போல மெதுவாகச் செய்தேன். மாலையின் நாரை ஒரு பக்கம் அறுத்து, அரிவாள் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, கதண்டோடு சேர்த்து அப்படியே மேட்டின் அந்தப் பக்கம் சரிய விட்டேன். கூட்டம் மாலையோடு போனது. உடனே வயல் சேற்றை அள்ளி அப்பாவின் மார்பில், கையில், வேட்டியில் கனமாகப் பூசினேன். சிங்கப்பூர் வாசனை அடங்கியது. அறுபது வருஷம் அவர் மேல் இருந்த வாசனை வந்தது. எனக்கு அந்த நேரத்தில் பயமே இல்லை, இதுதான் என் அப்பா என்று இருந்தது.

“தோளுக்கு ஏத்த வேணாம். கையிலயே புடிங்க” என்றாள் அம்சம் அக்கா. நால்வரும் குனிந்தபடியே பிடித்தோம். மூன்று மாதம் படுத்திருந்த உடம்பு, கனமே இல்லை. மேட்டிலிருந்து வயலுக்குள் இறக்கினோம். நாங்களே நட்ட பயிரை மிதித்துக்கொண்டு, குறுக்கே, சுடுகாட்டைப் பார்த்து நகர்ந்தோம். ஒவ்வொரு அடிக்கும் பாடை தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழுந்தது. தெருமுனையில் ஊரே நின்று பார்த்தது. அப்பா தன் வயல் வழியாகக் கடைசியாக ஒரு தடவை போனார். வெடியில்லை, பறையில்லை. இதைவிடப் பெரிய மரியாதையை எந்த வாலாவும் அவருக்குக் கொடுத்திருக்க முடியாது.

சுடுகாட்டில் விறகு அடுக்கிவிட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த செல்லையா அண்ணன், வலையும் சாக்கும் சேறுமாக நான்கு உருவம் வருவதைப் பார்த்ததும் எழுந்து ஓடப் பார்த்தார். இத்தனை வருஷம் சுடுகாட்டில் வேலை பார்த்தவர், எங்களைப் பார்த்துத்தான் பேய் என்று நம்பினார்.

“ஓடாதீங்கண்ணே. நான்தான், துரைராசு மவ குந்தவை.”

“ஆம்பளையாளுங்க எங்க?”

“கதண்டு வெரட்டுச்சு, ஓடிட்டாங்க.”

“அப்ப கொள்ளி யாரு வைக்கிறது?”

“நான்.”

அவர் என்னைப் பார்த்தார், சேறு பூசிக் கிடந்த அப்பாவைப் பார்த்தார். “அப்ப கொடத்த எடுத்துக்க” என்றார்.

சட்டியை சூர்யபிரகாஷ் மேட்டிலேயே போட்டு உடைத்திருந்தான். செல்லையா அண்ணன் பீடி பற்ற வைக்கிற தீப்பெட்டியால் ஒரு கட்டையைக் கொளுத்தித் தந்தார். தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்து மூன்று சுற்று வந்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் அவர் குடத்தில் ஓட்டை போட்டார். குடத்தைப் பின்னால் போட்டு உடைத்துவிட்டு, விறகுக்கு முதுகைக் காட்டி நின்று, கொள்ளியை வாங்கினேன். திரும்பிப் பார்க்காமல் பின்னால் கையை நீட்டி வைக்க வேண்டும். அது எனக்குப் பழக்கமான வேலைதான்.

அப்போதுதான் சாக்கு மடிப்பிலிருந்து அது வெளியே வந்தது. ஒரே ஒரு கதண்டு. எங்களோடு வயல் தாண்டி வந்திருக்கிறது. கொள்ளி பிடித்த கையின் மணிக்கட்டில் ஏறியது. அம்சம் அக்கா பார்த்துவிட்டாள். “குந்தவ, கையி” என்றாள்.

கொட்டியது. ஆணியைக் காய்ச்சி இறக்கிய மாதிரி தோள் வரைக்கும் ஏறியது. கண் இருட்டியது. கையை உதறச் சொல்லி உடம்பு முழுக்கக் கேட்டது. உதறினால் கொள்ளி கீழே விழும். நான் உதறவில்லை. கொட்டு, உன்னால் ஆனதைப் பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கையைப் பின்னால் நீட்டி, அப்பாவின் தலைமாட்டில் கொள்ளியை வைத்தேன்.

“பத்திக்கிச்சு” என்றார் செல்லையா அண்ணன்.

“செஞ்சுட்டேன்ப்பா” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். பிறகு நால்வரும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதோம், சிரிக்கவும் செய்தோம். கை பூசணிக்காய் போல வீங்கி, அதே ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை என்று காதர் மைதீன் அண்ணன் வாசலிலேயே சொன்னார். “குந்தவ, நீயே நேரா போயி வச்சிட்டியாமே. ஊரு பூரா அதான் பேச்சு” என்று சொல்லி என் தலையில் கை வைத்தார். இருட்டியதும் தீயணைப்பு வண்டி வந்து கூட்டைக் கொளுத்திவிட்டுப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மறுநாள் காலை பால் தெளிக்க எல்லோரும் சுடுகாட்டில் கூடினோம். கூட அம்மாவும் வந்தாள், அம்சம் அக்கா கூட்டத்தில் இருபது பெண்களும் வந்தார்கள். தெருமுனையில் யாரும் நிறுத்தவில்லை. நிறுத்துகிற நிலையில் எவரும் இல்லை. ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டு வந்திருந்த சூர்யபிரகாஷுக்கு ஒரு கண் மூடியிருந்தது. சித்தப்பாவுக்கு உதடு இன்னும் இறங்கவில்லை.

சடங்கு செய்து வைக்க வந்தவருக்கு நடந்தது தெரியாது. பால் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

“கொள்ளி வச்சவங்க யாரு? முன்னால வாங்க.”

ஆண்கள் எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இந்தத் தடவை என் வாயை யாரும் பொத்தவில்லை, நானாகத்தான் பேசாமல் நின்றேன். அவர் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

சித்தப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். வீங்கிய உதட்டோடு சிரமப்பட்டுத்தான் பேசினார், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

“எங்கண்ணன் மவதான் வச்சா. வழிய வுடுங்கடா. குந்தவ, முன்னால வாம்மா.”

வீங்கிய கையை நீட்டிக்கொண்டு நான் முன்னால் போனேன்.